மோஸின் வெள்ளை ரோமம்

அன்புள்ள லீலண்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன், கை அந்த வரியை எழுத மாட்டேன் என்கிறது. நான் சௌக்கியம். உன் அப்பா சௌக்கியம் என்று சொல்லிக்கொள்கிறார். உன் தங்கை ஜூனிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, நாலு நாளாகக் கொஞ்சம் சூப் குடிக்கிறாள். நம் கிழட்டு நாய் மோஸ்தான் சௌக்கியமில்லை. நீ கேட்ட ரோமம் இந்தக் கடிதத்தோடு வருகிறது, ரொட்டிப் பையில் போட்டு முடிச்சுப் போட்டிருக்கிறேன். முதலில் கடிதத்தைப் படி, பிறகு பையைப் பிரி.

உன் அட்டை வந்த அன்று உன் அப்பாவைப் பார்த்திருக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் அதை நிறுத்தி வைத்துவிட்டு வாசித்து வாசித்துப் பார்த்தார். நாலே வரி. முதலாளிக்கு, தூண்டில் முள்ளில் ரோமம் சுற்றி நீ கட்டும் அந்தப் பொய் ஈ நிறைய வேண்டுமாம், மீன்பிடி சீசனுக்கு முன்னால் கட்டி முடிக்க வேண்டுமாம், மோஸிடம் இருப்பதையெல்லாம் அனுப்பு, தேவைப்பட்டால் மொட்டையே அடித்துவிடு, எப்படியும் வளர்ந்துவிடும் என்று. அதில் ஜூனி எப்படி இருக்கிறாள் என்று இல்லை, நான் எப்படி இருக்கிறேன் என்று இல்லை, மோஸ் எப்படி இருக்கிறான் என்றுகூட இல்லை. ஆனால் உன் அப்பா அதையெல்லாம் பார்க்கவில்லை. "பாத்தியா கோரின், மொன்டானாவுல இல்லாத மிருகமா? பையனுக்கு நம்ம வீட்டு ரோமம்தான் வேணுமாம்" என்று என்னிடமும் சொன்னார், தபால்காரரிடமும் சொன்னார். நீ மொன்டானாவுக்கு வேலைக்குப் போனதிலிருந்து அவரிடம் நீ ஒன்று கேட்டு எழுதியது இதுதான் முதல் தடவை, அதனால் நான் வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். திறந்தேன். பிப்ரவரி மாதம், கிழட்டு நாய், ஏப்ரலில் தானாக உதிர்க்கும்போது சீப்பு போட்டு வாரி அனுப்பலாமே என்றேன். "ஏப்ரல் வரைக்கும் அவன் முதலாளி வாயப் பாத்துட்டு இருப்பானா? நீ பள்ளிக்கூடத்துல தவளை அறுத்துப் பாடம் எடுக்கறவ, உனக்கு இதெல்லாம் என்ன தெரியும்" என்றார்.

பக்கத்துப் பண்ணையிலிருந்து ஆட்டு ரோமம் வெட்டும் மிஷினை இரவல் வாங்கி வந்து, கராஜில் வைத்து மோஸை வயிறு, விலா, கழுத்து என்று ஒட்ட வெட்டினார். மோஸ் அசையாமல் நின்றானாம், உன் அப்பா உன் பெயரைச் சொல்லிச் சொல்லி வெட்டியதால் நீ வரப்போகிறாய் என்று நினைத்திருப்பான். மறுநாள் பெரும்பனி. உன் அப்பாவைப் பனி தள்ளும் வண்டி ஓட்ட விடியும் முன்பே கூப்பிட்டுவிட்டார்கள், நான் பள்ளிக்குப் போய்விட்டேன். மோஸை வீட்டுக்குள் அடுப்புப் பக்கத்தில்தான் விட்டுப் போனேன், ஆனால் கராஜ் கதவில் அவன் போய்வர நீ வெட்டிக்கொடுத்த ஓட்டை இருக்கிறதே, அதை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. பள்ளிக்கூட பஸ் வரும் நேரத்துக்கு அவன் ரோட்டோரம் போய் உட்காருவான், நீ படித்த காலத்தில் உட்கார்ந்தது, நீ போன பிறகும் விடவில்லை. அன்று பனியினால் பஸ் வெகுநேரம் தாமதம். உடம்பில் ஒரு விரற்கடை ரோமம்கூட இல்லாமல் அவன் அங்கேயே இருந்திருக்கிறான். ஜூனி பஸ்ஸை விட்டு இறங்கி, அவன் எழுந்திருக்கவில்லை என்று பார்த்து, தன் கோட்டைக் கழற்றி அவன் மேல் போர்த்தி, கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் வந்து பார்க்கும்போது இரண்டு பேரின் உதடும் ஒரே நிறமாக இருந்தது. "அம்மா, மோஸுக்கு நடக்க வரல, அவன விட்டுட்டு வந்தா அண்ணன் திட்டுவான்ல" என்கிறாள் பற்கள் கிடுகிடுக்க. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, நாயைக் கோட்டோடு இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அந்த வாரம் முழுக்க நான் படுக்கவில்லை லீலண்ட். அவள் மூச்சைக் கேட்பேன், எழுந்து போய் அவன் மூச்சைக் கேட்பேன். அவளுக்கு நெஞ்சுச் சளி கரைந்துவிட்டது. அவனுக்குக் கரையவில்லை. மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வயசான நாய்க்கு நுரையீரலில் பிடித்தால் இப்படித்தான், ஏப்ரலைப் பார்த்தால் பெரிய விஷயம் என்று சொல்லிவிட்டுப் போனார். உன்னுடைய பழைய பள்ளி ஸ்வெட்டரின் கையில் அவன் முன்னங்காலை நுழைத்து மாட்டிவிட்டிருக்கிறேன், அடுப்புப் பக்கத்தில் கிடக்கிறான்.

இத்தனைக்கும் அந்த ரோமம் எதற்கும் ஆகவில்லை. உன் அப்பா அதை மேசையில் பரப்பி, மேல்ரோமத்தைப் பிடுங்கிப் போட்டு அடிரோமத்தைத் தனியாக்கப் பார்த்தார். மிஷினால் வெட்டியதில் நுனியும் அடியும் ஒன்றாகிக் குட்டைகுட்டையாகக் கிடந்தது, நூலில் மெழுகு தடவித் திரித்தால் பிடிக்காமல் உதிர்ந்தது. சீப்பில் வந்தால்தான் அடிரோமம் முழு நீளமாக வரும் என்பது அவருக்குத் தெரியாதா, உன் அவசரம் அவர் அறிவைத் தின்றுவிட்டது. அதைவிடப் பெரிய கூத்து, நிறம். அந்த ஈக்கு வேண்டியது சிவப்பு, வந்தது எல்லாம் வெள்ளை. மோஸுக்கு எப்போதடா சிவந்த ரோமம் இருந்தது? ஏப்ரலில் நீ ஆற்றுக்குள் நிற்கும்போது அவன் கரையில் நாள் முழுக்கச் செம்மண் சேற்றில் வயிறு பட உன்னையே பார்த்துப் படுத்துக் கிடப்பான். அதில் ஏறிய நிறம் அது. அதைக் கழுவாமல் வாரி எடுத்துத்தான் நீ அந்த ஈயைக் கட்டினாய், வழக்கமாக ஈக்குச் சுற்றும் பெட்டை நரியின் சிவந்த வயிற்று ரோமம் கிடைக்காத வருஷம் அது, உன் அப்பா ரோட்டில் அடிபட்டதையெல்லாம் புரட்டிப் பார்த்தும் ஒரு நரி அகப்படவில்லை. உனக்காகக் கிடந்து வந்த நிறம் என்பதை மற்றவர்கள் மறக்கலாம், நீ மறக்கலாமா? உன் அப்பா டீத்தண்ணீரில் போட்டுப் பார்த்தார், வெங்காயத் தோலோடு வேக வைத்துப் பார்த்தார், வெந்த பன்றிக்கறி நிறம் வந்தது. என் காபி அரைக்கும் மிஷினில் கலந்து பார்த்ததில் இன்று வரை காபியில் நாய் ரோமம் குடிக்கிறோம்.

பிறகு தூண்டில் முள் வாங்க டெக்கர் கடைக்குப் போனார். அங்கே உன் முதலாளி ஹாலிஸின் விலைப்பட்டியல் புத்தகம் வந்திருக்கிறது. நம் ஈயின் படம், அதே மான் ரோம இறக்கை, அதே உடம்பு, கீழே 'ஹாலிஸ் கண்டுபிடித்தது, மேற்கு மலை நரியின் அரிய ரோமத்தால் ஆனது' என்று போட்டிருக்கிறதாம். கடையில் இருந்தவர்களுக்குக் கேட்க வேண்டுமா. "என்னப்பா ஆர்லோ, உன் வீட்டு நாய் மொன்டானா போனதும் நரியாயிடுச்சாமே" என்று டெக்கர் ஆரம்பிக்க, இன்னொருவன் "நாய் மட்டுமா, பையனும் ஹாலிஸ் ஆயிட்டான்" என்றானாம். தீயணைப்பு நிலையத்து அப்பம் விருந்தில், என் மகன் கட்டிய ஈ, பெயர் மோஸ் என்று ஒவ்வொருவர் தொப்பியிலும் ஒன்று குத்திவிட்டவர் உன் அப்பா. முள் வாங்காமல் திரும்பி வந்தார். அன்றிலிருந்து ஈ கட்டும் மேசைக்குப் போகவில்லை, கேட்டால் கண் சரியில்லை என்கிறார். நீ ஹாலிஸுக்குக் கொடுத்தாயா, அவன் எடுத்துக்கொண்டானா, எனக்குத் தெரியாது. உன் பெயர் போனால் உன் பாடு. ஈயிலிருந்து அந்த நாயின் பெயரை நீக்கிவிட்டு அதன் ரோமத்தைக் கேட்டு எழுதினாயே, அதுதான் எனக்கு இறங்கவில்லை. பதினேழு வயதில் உன்னைப் பெற்று, கல்லூரி நூலகத்தில் உன்னை மேசைக்கடியில் தூங்க வைத்துப் படித்தவள் நான், என் பிள்ளைக்கு இப்படி எழுத வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. முந்தாநாள் நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது ஜூனியின் சத்தத்தைக் காணோம். போய்ப் பார்த்தால் அப்பாவின் மேசையில் ஏறி உட்கார்ந்து, மான் ரோமம் வெட்டும் கத்தரிக்கோலால் தன் சடையை அடியோடு வெட்டி உனக்கு அனுப்பும் பைக்குள் திணித்துக்கொண்டிருக்கிறாள். "அண்ணனுக்குச் செவப்புதானே வேணும், எனக்குத்தான் செவப்பு இருக்கே, எனக்கும் வளந்துடும்" என்றாள். உன் அட்டையை அப்பா எத்தனை தரம் வாசித்தாரோ, அவளுக்கு மனப்பாடம். உன் அப்பா அவள் தலையைத் தடவிவிட்டுக் கராஜுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதனால் பையில் இருப்பது வெள்ளை ரோமம் மட்டும்தான். நீ கேட்டது அதுதான், அனுப்பிவிட்டேன். சடையை எடுத்துவிட்டேன். அதை உனக்குத் தர மாட்டேன். தந்தால் அதையும் ஈயாகக் கட்டமாட்டாய் என்று சொல்ல எனக்கு இப்போது தைரியமில்லை.

பனிக்கட்டி மேல் நடக்காதே, ஈரக் காலுறையோடு தூங்காதே, தகர டப்பாச் சாப்பாட்டையே தின்றுகொண்டிருக்காதே. எங்கிருந்தாலும் கடவுள் உன்னைக் குளிரில் விடாமல் பார்த்துக்கொள்ளட்டும், அதை மட்டும் நான் தினமும் கேட்கிறேன், கோபத்திலும் கேட்கிறேன். வருவதானால் ஆற்றில் பனி உடைவதற்கு முன் வா. பஸ் வரும் நேரத்துக்கு அவன் இன்னும் தலையைத் தூக்கிக் கதவைப் பார்க்கிறான், நேற்று பார்த்தான். அவனை வாரும் சீப்பு அதே ஆணியில்தான் தொங்குகிறது. ரோமத்துக்காக வராதே.

உன் அம்மா,
கோரின்