பாவுக்கு வைத்த கஞ்சி

காஞ்சீபுரம்,
பவ வருஷம், ஆவணி.

அருமை அம்மாவுக்குக் குஞ்சிதத்தின் நமஸ்காரம். நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? "சமையல் சொல்லிக்கொடுக்க ஓர் உத்தியோகமா?" என்று அப்பா இன்னும் சிரிக்கிறாரா?

இங்கே ஒரு வேடிக்கை, பயப்பட ஒன்றுமில்லை. வடித்த கஞ்சியில்தான் சத்து இருக்கிறது, தம்பி தங்கைகளுக்குக் கொடுங்கள் என்று டொமெஸ்டிக் சயன்ஸ் வகுப்பில் சொன்னேன். பெண்கள் அப்படியே செய்துவிட்டார்கள். இந்த நெசவுத் தெருவிலோ, தறிக்குப் பாவு நூல் நீட்டுகிற வீட்டுக்குத்தான் எல்லார் வீட்டுக் கஞ்சியும் போகவேண்டும்; அதைத் தடவினால்தான் இழை அறாது.

விடிந்ததும், என் வகுப்புப் பெண் ஒருத்தியின் தகப்பனார் ஏகாம்பர முதலியார் காலிச் சட்டியோடு என் வாசலில் நின்றார்.

"தெருவுல பாவு நீட்டியாச்சு. கஞ்சிக்கு எங்கம்மா போவேன்? இனிமே பொண்ண அனுப்பமாட்டேன்!"

பின்னாலேயே வந்த அவர் சம்சாரம், "சும்மா இருய்யா. சின்னது இப்பத்தான் வயிறு ரொம்பித் தூங்குது" என்றாள்.

ராத்திரி மிஞ்சிய சோற்றைக் கரைத்துக் கொதிக்கவைத்து ஊற்றினேன். சட்டி நிறைந்துவிட்டது. முதலியார் கோபத்தை மறந்து, "வூட்ல எத்தினி பேரும்மா?" என்று கேட்டார்.

"நான் ஒருத்திதான்" என்றேன்.

சட்டியைத் தூக்கிக்கொண்டார். "பொண்ணு வருவாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் அரிசி அளக்க நம் வீட்டுச் சின்ன ஆழாக்கைக் கொடுத்தனுப்புங்கள். கூடவே உங்கள் கை நார்த்தங்காயும். தபால்காரர் குரல் கேட்கிறது, முடிக்கிறேன். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் அளவு சொல்லித்தருகிறேன், அம்மா. உலை வைக்கும்போது மட்டும் என் கை நம் எல்லோருக்கும் சேர்த்தே அரிசி போட்டுவிடுகிறது.

உங்கள்
குஞ்சிதம்