அட்டவணையில் ஆறு வரிகள்

மார்ச் 4

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

அண்ணி எழுதுவது. நான் நலம். வெறுமனே நலம் என்றால் நீ நம்பமாட்டாய் என்பதால் விவரமாகவே சொல்கிறேன். முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. தூக்கம் பரவாயில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கடைசியில் காலை ஷிஃப்ட் கொடுத்துவிட்டார்கள். இருபத்தாறு வருடமாக ஊரார் ரத்தத்தை எடுக்கிறேன். போன வாரம் எனக்கே எடுக்கவேண்டி வந்தபோது புதிதாகச் சேர்ந்த பெண் மூன்று முறை குத்தினாள். மிச்சத்தை அடுத்த ஆளிடம் கற்றுக்கொள்ளட்டும் என்று கையை இழுத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ "சரிங்க அண்ணி, சரிங்க அண்ணி" என்று வைத்துவிடுகிறாய். நீ ஹாஸ்டலில் இருந்த காலத்தில் உன் அண்ணனுக்குக் கை வராது என்று நான்தான் உனக்குக் கடிதம் எழுதுவேன். அந்தப் பழக்கம் விடவில்லை. காகிதத்தில்தான் நாம் இரண்டு பேரும் ஒழுங்காகப் பேசுகிறோம்.

விஷயம் கம்ப்யூட்டர். அதைப் போட்டுவிட்டுக் குளித்து, துணி காயப்போட்டுத் திரும்பி வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைக்காரர் வந்து பார்த்தார். "எல்லாத்தையும் அழிச்சிட்டு ஓ.எஸ்.ஸ புதுசா போட்டாத்தான் சரிப்படும் மேடம். உள்ள இருக்கறது போச்சுன்னா நான் பொறுப்பில்ல" என்றார். பொறுப்பில்லை என்பவர் கையில் எப்படிக் கொடுப்பது? உன் அண்ணன் படங்கள், பையனின் சான்றிதழ்கள், திரையில் மேலே இறைந்து கிடக்கும் சில்லறை எல்லாம் அதில்தான் இருக்கின்றன. உன் துறையில் எல்லோருடைய கம்ப்யூட்டரையும் நீதான் துடைத்துப் போட்டுத் தருகிறாய் என்று உன் அண்ணன் பெருமையாகச் சொல்வார். ஒரு சனிக்கிழமை வாயேன். நான் வேலையில் இருந்தாலும் சாவி கீழ்வீட்டில் இருக்கும்.

அவர் போய் ஏழு மாதமாகிறது. சாவு வீட்டுக் கூட்டத்தில் உன்னைப் பார்த்ததுதான்.

அன்புடன்,
அண்ணி

*

மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று வந்து வேலையை முடித்துவிட்டேன். விடைத்தாள்கள் குவிந்திருந்ததால் நீங்கள் வருவதற்குள் கிளம்பவேண்டியதாயிற்று. மன்னியுங்கள்.

என்ன செய்தேன் என்று எழுதிவிடுகிறேன். முதலில் எல்லாவற்றையும் நான் கொண்டுவந்த வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்தேன். காப்பியான ஃபைல் ஒவ்வொன்றையும் திறந்து, சரியாகத் திறக்கிறதா என்று பார்த்து, காகிதத்தில் டிக் அடித்தேன். பரீட்சைத்தாள் திருத்துகிற மாதிரி செய்கிறேன் என்று துறையில் சிரிப்பார்கள். திறந்து பார்க்காதவரை காப்பி என்பது வெறும் நம்பிக்கைதான், எனக்கு அது போதாது. பிறகு பழையதை அழித்தேன். மேலோட்டமாக அழிக்கவா, முழுக்கச் சுத்தம் செய்யவா என்று கேட்டது. முழுக்க என்று கொடுத்தேன். அதற்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதன்பின் ஓ.எஸ்.ஸைப் புதிதாக ஏற்றி, படங்களையும் சான்றிதழ்களையும் திரும்ப வைத்திருக்கிறேன். படங்கள் மொத்தம் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு. கடவுச்சொல்லை எழுதி விசைப்பலகைக்கு அடியில் வைத்திருக்கிறேன். மனப்பாடம் ஆனதும் கிழித்துவிடுங்கள்.

இனி வட்டம் சுற்றாது.

கதவுக்குப் பின்னால் அண்ணனின் நீலச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

உங்கள் நாத்தனார்

*

மார்ச் 19

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

சுவிட்சைப் போட்டுத் திரும்புவதற்குள் வந்து நிற்கிறது. இப்போது துணி காயப்போட எனக்குச் சாக்குதான் இல்லை. மகராசியாக இரு.

ஒன்று கேட்கவேண்டும். திரையில் மேல் வரிசை ஓரத்தில் ஒரு அட்டவணை இருந்தது. பெயர்கூட வைக்கவில்லை, 'தினசரி' என்று மட்டும் இருக்கும். அவர் படுத்த பதினோரு மாதமும் நாளுக்கு ஒரு வரி எழுதிவந்தேன். காய்ச்சல், சாப்பிட்ட அளவு, மருந்து, வந்தவர்கள். கடைசிக் கட்டத்தில் அன்றைக்கு அவர் பேசியது ஏதாவது. ஆய்வுக்கூடத்துப் புத்தி, எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் எனக்குத் திருப்தி. தேடிப் பார்த்துவிட்டேன், காணோம். வேறு எங்கேயாவது வைத்திருப்பாய். எங்கே என்று சொல்.

அண்ணி

*

மார்ச் 23

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. திரையில் மேலே இருந்தவற்றை நான் காப்பி எடுக்காமல் விட்டுவிட்டேன். ஃபோல்டர்களுக்குள் இருந்ததை மட்டும் பார்த்தேன். அழித்த பிறகு அதை மீட்க வழியில்லை. துறையில் விவரம் தெரிந்தவரிடமும் கேட்டேன், முடியாது என்கிறார்.

என் கவனக்குறைவு. வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நாத்தனார்

*

ஏப்ரல் 3

அன்புள்ளவளுக்கு,

உன் நாலு வரிக் கடிதத்தைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. இரண்டு நாள் எனக்கு ஒன்றும் ஓடவில்லை என்பது உண்மை. மூன்றாம் நாள் யோசித்தேன். நீ வேண்டுமென்றா செய்தாய்? உனக்கே தவறுகிறது என்றால் நாங்களெல்லாம் எம்மாத்திரம். அதையே நினைத்துச் சாப்பிடாமல் கிடக்காதே. உன் குணம் எனக்குத் தெரியும், ஒரு மார்க் குறைத்துப் போட்டுவிட்டால் ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்திருப்பவள் நீ.

ஒரு நோட்டு வாங்கி, நினைவிலிருந்து திரும்ப எழுத ஆரம்பித்திருக்கிறேன். பையன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு அப்பாவின் கடைசி வருடத்தில் ஒரு நாள்கூடத் தெரியாதே என்று அவனுக்கு உறுத்தல். போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொன்னான்: "நான்தான் வர முடியலம்மா. அத்தையாவது பக்கத்துல இருந்தாங்களே, அதுவரைக்கும் நிம்மதி." நானும் ஆமாம் என்றேன்.

காய்ச்சல் கணக்கெல்லாம் போனது போனதுதான். மருத்துவமனைச் சீட்டுகளை வைத்துக்கொண்டு தேதிகளைக் கொஞ்சம் பிடித்துவிட்டேன். வந்துபோனவர்கள்தான் குழம்புகிறது. நீ வந்த நாட்களை மட்டும் எழுதி அனுப்பு. மாதம் ஒருமுறையாவது வந்தாய் என்று நினைவு. சரிதானே? நீ டைரி வைத்திருப்பவள், உனக்குச் சுலபம்.

அன்புடன்,
அண்ணி

*

ஏப்ரல் 20

அண்ணிக்கு,

இது நான்காவது தாள். முதல் மூன்றிலும் தேதிகள் எழுதினேன். முதல் தாளில் மாதத்துக்கு ஒன்று என்று பதினொரு தேதிகள் எழுதி, அவற்றில் எவை விடுமுறை நாட்கள் என்றுகூடச் சரிபார்த்துவைத்தேன். இப்படிப்பட்ட ஆளிடம்தான் நீங்கள் சாவியைக் கொடுத்தீர்கள்.

உங்கள் அட்டவணையை நான் கவனிக்காமல் விடவில்லை. காப்பி எடுத்தேன், வழக்கம்போலத் திறந்து பார்த்தேன், மூடியிருக்கவேண்டும். 'வந்தவர்கள்' என்ற கட்டத்தில் என்னைத் தேடினேன். 'தங்கை' என்று போட்டுத் தேடியபோது ஆறு இடத்தில் நின்றது. மூன்று முறை படித்தேன். அதனால் அப்படியே சொல்ல முடியும்.

நவம்பர் 9. தங்கை வந்தாள். நாற்பது நிமிடம். கையில் விடைத்தாள் கட்டு.

ஜனவரி 22. தங்கை வருவதாகச் சொன்னாள். சவரம் செய்துவிடச் சொன்னார். நீலச் சட்டை. வரவில்லை.

பிப்ரவரி 19. தங்கை வருவதாகச் சொன்னாள். சவரம். நீலச் சட்டை. வரவில்லை.

ஏப்ரல் 2. தங்கை வருவதாகச் சொன்னாள். சவரம். வரவில்லை. ஏழு மணி வரை சட்டையைக் கழற்ற விடவில்லை.

மே 7. தங்கை வருவதாகச் சொன்னாள். அவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 16. தங்கை வந்தாள். ஒரு மணி நேரம். தூங்கினார். எழுப்ப வேண்டாம் என்றாள்.

இவ்வளவுதான். திட்டி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் ஒருவேளை விட்டுவைத்திருப்பேன். உங்கள்மேல் கோபப்பட ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். காகிதத்தில் 'தினசரி'க்கு நேரே போட்ட டிக்கைக் கோடு போட்டு அடித்தேன். ஹார்டு டிஸ்க்கிலிருந்த காப்பியை நீக்கினேன். பிறகு முழுக்கச் சுத்தம் செய்யச் சொன்னேன். அது தேவையே இல்லை அண்ணி. கம்ப்யூட்டரை விற்கும்போது செய்கிற வேலை அது. மீட்க முடியாதபடி போகட்டும் என்றுதான் செய்தேன். இரண்டு மணி நேரம் திரையில் விழுக்காடு ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நிறுத்து என்று ஒரு பொத்தான் கூடவே இருந்தது.

துறையில் கேட்டதாக எழுதினேன். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் கேட்டேன். ஒரு தோழியின் கம்ப்யூட்டர் என்று சொல்லிக் கேட்டேன். "அய்யோ, யாரு மேடம் இந்த வேலையப் பண்ணது" என்றார். தெரியாது என்றேன்.

காரணம் எழுதினால் சமாதானம் சொல்வதாகிவிடும். ஆனாலும் எழுதாமல் விட்டால் அதுவும் மறைப்பதுதான். பரீட்சை வேலை என்று சொன்ன நான்கு நாட்களிலும் எனக்குப் பரீட்சை வேலை இல்லை. நவம்பரில் எலும்பும் தோலுமாக இருந்த அண்ணன் கையைப் பார்த்துவிட்டுப் போனபிறகு எனக்குப் பயம். ஏப்ரலில் உங்கள் பேருந்து நிலையம் வரை வந்தேன். ஒரு பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிட்டேன். பிறகு உங்களுக்குப் போன் செய்து, பரீட்சைக் கூட்டம் முடியவில்லை என்றேன். நீங்கள் "பரவாயில்லம்மா" என்றீர்கள்.

பதினோரு மாதத்தில் என்னைப் பற்றிய ஆறு வரிகளை அழிக்க முந்நூறு வரிகளை அழித்தேன். இப்போது அந்த ஆறுதான் மிஞ்சியிருக்கின்றன, என் தலையில். மற்றதை நான் படிக்கவில்லை. என்னைத் தவிர வேறு எதையும் தேடவில்லை. எல்லாவற்றிலும் எனக்கு வெட்கமாக இருப்பது அதுதான்.

பையனிடம் நானே சொல்லவேண்டுமானால் சொல்கிறேன். நீங்கள் சொல்வதானாலும் சரி. மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

நாத்தனார்

*

மே 16

அன்புள்ளவளுக்கு,

அன்புள்ள என்று எழுதிவிட்டு அதை அடிக்கலாமா என்று பார்த்தேன். அடிக்க வரவில்லை, இருக்கட்டும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஷெல்ஃபில் வைத்தேன். மூன்று வாரம் எடுக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் என்னம்மா முகமே சரியில்லை என்று கேட்டவர்களிடம் முட்டிவலி என்றேன். பொய் சொல்வது நான் நினைத்ததைவிடச் சுலபமாகத்தான் இருக்கிறது.

மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. நீ போக்கடித்தது என்ன என்று உனக்குத் தெரியவேண்டும். ஜூன் பதினெட்டாம் தேதி காலையில் அவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்து, மருந்துக் கிண்ணம் கைதவறிக் கொட்டிவிட்டது. சிரித்தது நினைவிருக்கிறது, கொட்டியது நினைவிருக்கிறது. என்ன சொன்னார் என்று நினைவில்லை. எழுதிவைத்திருக்கிறோமே என்ற தைரியத்தில் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. நோட்டில் அந்த நாளுக்கு நேரே 'சிரித்தார்' என்று மட்டும் போட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட நாட்கள் எத்தனை என்று எனக்கே தெரியாது.

இதை எழுதிவிட்டு நிறுத்தியிருப்பேன். ஆனால் நீ பேருந்து நிலையத்தைப் பற்றி எழுதிவிட்டாய்.

அந்த ஏப்ரல் இரண்டில், ஏழு மணிக்கு நான் சட்டையைக் கழற்றப் போனேன். உன்மேல் எனக்கு ஆத்திரம், பொத்தானைப் பிடுங்குகிற மாதிரி இழுத்தேன் போலிருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ வந்திருப்பா" என்றார். எங்கே வந்தாள் என்றேன். "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்திருப்பா. அங்க உக்காந்துட்டுத் திரும்பிப் போயிருப்பா. சின்னதுல ஊசி போடக் கூட்டிட்டுப் போனாலும் இப்படித்தான், ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வீராப்பா வருவா, அப்புறம் நான்தான் தூக்கிட்டுத் திரும்பி வரணும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். நன்றாகச் சிரித்தார்.

அதை நான் எழுதவில்லை. மறதியால் விட்டதல்ல. அந்தக் கட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். அவர் சிரித்ததை எழுதினால் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை என்று ஆகிவிடும். யாராவது ஒருநாள் படித்தால் நீ வராதது மட்டும் தெரியட்டும் என்று சட்டையோடு நிறுத்திக்கொண்டேன். பரிசோதனை முடிவில் ஒரு எண்ணை மாற்றி எழுதினதில்லை நான், இருபத்தாறு வருடத்தில். வீட்டில் செய்திருக்கிறேன். உன் கடிதம் வரும்வரை அது எனக்கு உறைக்கவே இல்லை. மாதம் ஒருமுறை வந்தாய் என்று நான் எழுதினேனே, அது மறதியா, இல்லை நீ என்ன சொல்கிறாய் பார்ப்போம் என்றா என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன். சத்தியமாகத் தெரியவில்லை.

பையனிடம் நீதான் சொல்லவேண்டும். நான் எதுவும் சொல்லவில்லை.

இத்துடன் நோட்டை அனுப்பியிருக்கிறேன். உன் நாட்கள் ஆறுக்கும் இடம் விட்டிருக்கிறேன். ஏப்ரல் இரண்டில் மட்டும் அவர் சொன்னதை நான் எழுதிவிட்டேன், அதற்கு மேலே உன் வரிக்கு இடம் இருக்கிறது. எதையும் கூட்டாமல் குறைக்காமல் உன் கையால் எழுது.

எழுதிய பிறகு நோட்டைத் தபாலில் அனுப்பாதே. கொண்டு வா. எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்லவேண்டாம்.

அண்ணி