குரோம் செய்யாத புண்

எதிர்வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. அதன் தாய் ஸ்பூனில் ஜிங்க் மாத்திரையைக் கரைத்துக்கொண்டிருந்தாள். மாத்திரை அட்டையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் உங்கள் நினைவு வந்துவிட்டது.

நம் மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்தவள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து சில வாரங்களில் அவள் வாயைச் சுற்றிச் சிவந்தது. பிறகு பின்பக்கம், விரல்கள். தோல் உரிந்து புண்ணானது. எந்தக் களிம்புக்கும் அடங்கவில்லை. மார்பில் வாய் வைத்தாலே வலியில் வீறிட்டாள், எடை இறங்கிக்கொண்டே போனது. பிள்ளை தங்குவாளா என்றே பயந்தேன்.

ஆம்பூர் டேனரியில் தோல் பதனிடும் குரோம் தண்ணீரில் கிடந்து உங்கள் கைகளும் அப்படித்தான் வெடித்திருந்தன. "நான்தான் கொண்டாந்து ஒட்டிட்டேன்" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு அவளைத் தொடவே இல்லை. வாசற்படியில் நின்று எட்டிப் பார்ப்பதோடு சரி.

"தூக்குங்க, ஒண்ணும் ஆவாது" என்று கத்துவேன்.

"வேணாம், எனக்கு பயமா கீது."

வேலூரில் டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். முடிவு வரும்வரை நீங்கள் உட்காரவே இல்லை. "குறைமாசக் குழந்தைக்கு உடம்புல ஜிங்க் சத்து சேர்ந்திருக்காது. உங்க பால்லயும் அது கம்மியா இருக்கு. யார் மேலயும் தப்பில்ல. சொட்டு மருந்து தரேன், பாலை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார்.

"குரோம் இல்லியா?" என்று கேட்டீர்கள். இல்லை என்றதும் பிள்ளையை என்னிடமிருந்து பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு அழுதீர்கள்.

சில நாட்களில் புண் காயத் தொடங்கியது. அணைக்கட்டு ஊரிலிருந்து உங்கள் அக்கா வந்தார். எதற்கெடுத்தாலும் டப்பா பால் கொடு என்பவர்.

"இன்னாடா சொன்னாங்க டாக்டரு?"

"என் வேலையாலதான்க்கா. குரோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் போனதும் சண்டை பிடித்தேன். நீங்கள் சிரித்தீர்கள். "உன் பாலைச் சொன்னா நிறுத்தச் சொல்லுவாங்க. என்னைச் சொன்னா இன்னா, வேலையை நிறுத்தச் சொல்லுவாங்களா?"

நீங்கள் மாரடைப்பில் போன பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் உங்கள் அக்கா நம் மகளின் கன்னத்தைத் தடவி, "அப்பன் கொண்டாந்த விஷத்துல பொழச்ச பொண்ணு" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அவர் ஒண்ணும் கொண்டாரல அண்ணி. என் பால்லதான் சத்து கம்மி. அதை நிறுத்திடுவீங்கன்னுதான் பழியைத் தன் மேல போட்டுக்கிட்டாரு."

உங்கள் அக்கா இலையைப் பார்த்தபடி அழுதார்.

ஊர் வாயை அடைத்துவிட்டேன். ஆனால் என் மனது மட்டும் ஆறவில்லை. ஒரு குற்றமும் செய்யாமல், பெற்ற பிள்ளையைத் தூக்காமல் அத்தனை நாள் வாசலில் நின்றீர்களே.