இரண்டு சிவப்புப் புள்ளிகள்

ஞாயிறு இரவு

காரின் டைமிங் பெல்ட்டை இன்று வீட்டிலேயே மாற்றினேன். பழையதைக் கழற்றுமுன், அது ஓடும் சக்கரத்தில், என்ஜின் மீதுள்ள கோட்டுக்கு நேராக இருந்த பல்லில் மனைவி செல்வியின் சிவப்பு நெயில் பாலிஷால் புள்ளி வைத்தேன். மாட்டும்போது ஒரு பல் தப்பினாலும் என்ஜின் காலி. பழையதைக் கழற்றிவிட்டுச் சாப்பிட்டு வந்து, கண்ணில் பட்ட புள்ளியை விரலால் தள்ளி அதே கோட்டுக்கு நேராக்கி, புது பெல்ட்டை மாட்டி மூடிவிட்டேன்.

படுக்கும்போது செல்வி சொல்கிறாள்: “நீ துன்னுகினு இருந்தப்ப சக்கரத்துக்குக் குங்குமப் பொட்டு வெச்சேன் மாமா. புது பெல்ட்டாச்சே, வெக்காம எப்படி?”

விடியற்காலை ஐந்து மணிக்கு இதே காரில் அவள் அம்மாவை டயாலிசிஸுக்குச் செங்கல்பட்டு அழைத்துப் போக வேண்டும். எந்தச் சிவப்பை நேராக்கினேன்?

எழுந்து போய், பெல்ட் மாட்டியதும் கை துடைத்த துணியை விளக்கடியில் விரித்தேன். கிரீஸுக்கு நடுவே சிவப்புத் தூள்.

நெயில் பாலிஷ் உதிராது.