இரண்டாம் சாட்சி

4-3-1991, திங்கள்
பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வந்தேன். என் மகன் தேவராஜ் போய் இன்றோடு நான்கு மாதம். குமணன்சாவடி முனையில் சைக்கிளோடு அவனை அடித்துப் போட்ட மணல் லாரி நேற்றும் அந்த வழியாகத்தான் போனது. பெயின்ட் புதிது.

அன்றைக்கு நான் எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன். ஓட்டியவன் ஓனர் மகன் லோகநாதன். மேலேயிருந்து என்னை ஒரு தரம் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் போனான்.

11-3-91
வக்கீல் பரந்தாமன் கேஸ் காகிதத்தைப் படித்தார். ஓட்டியவர் தங்கவேல் என்று இருக்கிறதாம். "குடுங்க, அஞ்சாவது படிச்சவதான் நானு" என்று வாங்கிப் பார்த்தேன். அப்படித்தான் இருக்கிறது. போலீசிடம் லோகநாதன் பேரைச் சொன்னேனே!

"அவனுக்கு லைசென்ஸ் இல்லம்மா. அதான் வேலை செய்யிற டிரைவரை ஆஜர் பண்ணிட்டாங்க" என்றார். மொத்தம் இரண்டு கேஸாம். தண்டனைக்குப் போலீஸ் நடத்துவது ஒன்று. நஷ்டஈட்டுக்கு நாங்கள் போட்டது ஒன்று. தண்டனைக் கேசில் நான் யார் என்று கேட்டேன். இரண்டாம் சாட்சியாம்.

பெத்தவ நான். சாட்சியா?

2-4-91
வக்கீல் டெல்லிக்கு ஒரு மாநாட்டுக்குப் போகிறார். இலங்கை, நேபாளம், பாகிஸ்தான் வக்கீல்களும் வருகிறார்களாம். சாவுக்கு நஷ்டஈடு, தண்டனை, இரண்டுக்கும் அந்தந்த நாட்டுச் சட்டத்தை எப்படி மாற்றலாம் என்று பேசுவார்களாம். பாகிஸ்தானில் கொலைக் கேசுக்குப் புதுச் சட்டமாம். செத்தவன் குடும்பம் மன்னித்தால் மன்னிப்பு.

"மன்னிக்கலேன்னா?"

வக்கீல் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். பிறகு, "நம்ம சட்டத்துல என்ன மாத்தணும்? எழுதிக் குடுங்க, அங்க படிக்கிறேன்" என்றார். என் கையாலேயே எழுதினேன்: 'பெற்றவளைக் கேளுங்கள். நான் மன்னிக்க மாட்டேன்.' கீழே சாமுண்டீஸ்வரி என்று முழுக் கையெழுத்து.

9-6-91
லோகநாதனுக்கு நிச்சயதார்த்தமாம். அவன் இலையில் புழு நெளியட்டும்.

20-8-91
கோர்ட்டில் உண்மையைச் சொன்னால், லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டினான் என்று இன்சூரன்ஸ் கம்பெனி நழுவிவிடும் என்கிறார் வக்கீல். ஓனர் சொத்தெல்லாம் மச்சினன் பேரில். ஒன்றும் தேறாதாம்.

மருமகள் பொன்னம்மாள் சோற்றுப் பானையை டொக்கென்று வைத்தாள். "தங்கவேலுன்னே சொல்லிடு அத்தே. இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிட்டா பாப்பாவ எப்டி படிக்க வெக்கிறது? ஒன் ரோசத்த வடிச்சி ஊத்துவியா?"

"செத்தவன் ஒம் புருஷன்டி."

"அது எனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டுப் பாப்பாவுக்குச் சோறு போட்டாள். ரெண்டு கேசு வெச்ச மவராசன் ஒண்ணுக்கு ஒண்ணு எதிரா எதுக்கு வெச்சான்? மகனுக்கு நியாயம் கேட்டால் பேத்தி வயிற்றில் அடிக்க வேண்டும். இது என்ன சட்டம்?

18-9-91
பூந்தமல்லி கோர்ட் வராண்டாவில் தங்கவேல் வந்தான். வறண்ட மனுஷன். இத்தனை நாள் இவனையும் சேர்த்துத்தான் சபித்தேன்.

"ஆயா, நான்தான்னு கைய காட்டிடு. எம் பொண்ணு கண்ணாலத்த ஓனரு பாத்துக்கறேன்னுட்டாரு. நீ மாத்திச் சொல்லிட்டன்னா, நான் தெருவுலதான் நிக்கணும்."

கூண்டில் ஏறினேன். கேட்டார்கள். கை காட்டினேன்.

கடைசி பெஞ்சில் லோகநாதன் பாக்கு மென்றுகொண்டிருந்தான். சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு அங்கேயே நான் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டேன்.

14-2-92
தங்கவேலுக்கு ஆறு மாசம். அவன் கேட்டதுதான். ஆனாலும் — என் பங்குச் சோற்றை நாய்க்கு வைத்தேன்.

26-2-92
இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு கட்ட வேண்டும் என்று ஆர்டர். பேத்தி பேரில் பேங்கில் போடச் சொல்லிவிட்டேன். பொன்னம்மாள் என் காலைத் தொட்டாள். எடு கையை என்றேன்.

நான் எழுதியதை டெல்லியில் படித்ததை வக்கீல் இன்றுதான் சொன்னார். எல்லா நாட்டு வக்கீலும் அதை எழுதிக்கொண்டார்களாம். சட்டம் எப்போது மாறும் என்றேன். "பத்து வருஷமோ, இருபது வருஷமோ."

"அது வரைக்கும் நான் சும்மா குந்தினு இருக்கணுமா?"

2-3-92, திங்கள்
குந்துவது என்று முடிவு செய்துவிட்டேன். சும்மா இல்லை. ஓனரின் லாரி ஷெட்டுக்கு எதிரே பஸ் ஸ்டாப். எட்டு மணிக்குப் போனேன். பேப்பர் படித்தேன். லோகநாதன் லாரியை வெளியே எடுத்தபோது பேப்பரை மடித்துவிட்டு நிமிர்ந்து அவன் கண்ணைப் பார்த்தேன். அவ்வளவுதான். இப்போது லைசென்ஸ் எடுத்துவிட்டானாம்.

30-4-92
கண்டக்டர் கேலி செய்கிறான். "இன்னா ஆயா, தெனிக்கும் குந்தினுகீற, எந்த பஸ்ஸுக்கு?"

"நான் ஏற வரல நைனா. ஒருத்தன எறக்க வந்துகீறேன்."

17-6-92
லோகநாதன் இறங்கி வந்து கத்தினான். "இன்னா கெய்வி, இன்னாதான் வோணும் ஒனக்கு?" நான் பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். திரும்பிப் போய் வண்டி எடுத்தவன் கேட் தூணில் இடித்தான்.

21-8-92
தங்கவேல் வெளியே வந்துவிட்டான். பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பொண்ணு கல்யாணம் என்ன ஆச்சு என்றேன். "ஓனரு சொல்லினேகீறாரு" என்றான். இரண்டு பேருமாகக் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

9-11-92
நான்கு நாளாக லோகநாதன் கண்ணில் படவில்லை. விசாரித்தேன். ஷெட்டின் பின்சுவரை இடித்து, பாரிவாக்கம் ரோட்டுப் பக்கம் புது கேட் வைத்திருக்கிறார்கள். ஒரு கிழவிக்காகச் சுவரை இடித்திருக்கிறார்கள்!

"போதும் அத்தே, வுட்டுடு" என்றாள் பொன்னம்மாள்.

10-11-92
அந்தப் பக்கம் போய்ப் பார்த்து வந்தேன். புது கேட்டுக்கு நேர் எதிரே உட்காரத் தோதாக மதகுக் கட்டை இருக்கிறது. வேப்பமர நிழல் பத்து மணி வரைக்கும் விழுகிறது.