தடைக்காலத்தில் நீ சும்மா இருக்கவில்லை

வடிவுடையம்மன் துணை

திருவொற்றியூர் குப்பம்,
ஜூலை மாதம், ஞாயிறு.

அன்பு மகன் பிரகாஷுக்கு அம்மா குணசுந்தரி எழுதுவது. நானும் அப்பாவும் உன் தங்கை சினேகாவும் அம்மன் புண்ணியத்தில் இங்கே சௌக்கியம். அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் கம்பளிச் சட்டை போட்டு நல்லபடி இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று சிரிப்பாய். போனில் நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், திட்டப் போகிறேன் என்று தெரிந்தால் சிக்னல் இல்லை என்கிறாய். கடுதாசியை அப்படி வைக்க முடியாது. உன் விசா விஷயமாக நான் செய்ததையெல்லாம் எழுதி, காகிதங்களோடு சேர்த்து கூரியரில் அனுப்புகிறேன், முழுசாகப் படி.

இங்கே மீன்பிடித் தடைக்காலம் முடிந்து லாஞ்சுகள் எல்லாம் கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டன. முதல் வாரம் மீன் கொட்டோ கொட்டென்று கொட்டியது, காசிமேட்டில் நிற்க இடமில்லை, இப்போது கவளையும் காரப்பொடியும்தான் வருகிறது, வஞ்சிரத்தைக் கண்ணால் பார்த்தாலே பெரிய விஷயம். அப்பா முட்டிவலி என்று முனகிக்கொண்டே விடியலில் லாஞ்சு ஓட்டக் கிளம்பிவிடுகிறார், டாக்டரிடம் வா என்றால் மட்டும் காது கேட்பதில்லை. சினேகா வண்ணாரப்பேட்டை ஜவுளிக் கடையில் பில் போடும் வேலைக்குப் போகிறாள், மெட்ரோவில் ஏசியில் போகிறேன் என்று அவளுக்கு ஒரே பெருமை, அவளைக் காலையில் எழுப்புவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிடுகிறது. இதெல்லாம் இருக்கட்டும், முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் தெரியாமல் அப்பாவுக்குப் போன் போட்டு, கல்மண்டபத்தில் யாராவது ஒரு ஒர்க்‌ஷாப்காரரிடம் பொய் சர்டிபிகேட் வாங்கி அனுப்பச் சொன்னாயாமே. உன் அப்பாவுக்கு ரகசியம் எங்கே தங்கும், சோறு சாப்பிடும்போது சினேகாவிடம் உளறிவிட்டார், அவள் என்னிடம் வந்து சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் நீ எதிரில் இருந்திருந்தால் கன்னம் பழுத்திருக்கும். நான் புரிந்துகொண்டது சரியா என்று பார். உன்னை அங்கே அழைத்துப்போன கம்பெனி மூடிவிட்டது. பெர்த்தில் படகு ரிப்பேர் பார்க்கும் யார்டுக்காரர் உன் வேலை பிடித்து, தானே ஸ்பான்சர் செய்கிறேன் என்று விசாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். விசா ஆபீசில் என்ன கேட்கிறார்கள் என்றால், சென்னையில் அஞ்சு வருஷம் மெக்கானிக்காக இருந்தேன் என்கிறாய், ஆனால் ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை வேலை இல்லை என்று நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாய், அதைக் கழித்தால் நாங்கள் கேட்கிற அனுபவம் உனக்கு வரவில்லையே, பதில் சொல் என்கிறார்கள். பதில் சரியில்லை என்றால் விசா கிடையாது, நீ மூட்டை கட்டிக்கொண்டு வரவேண்டியதுதான். அதற்கு இங்கே உன் ஏஜென்ட் சொன்ன யோசனைதான் அந்தப் பொய் சர்டிபிகேட். தடைக்காலத்தில் ஒர்க்‌ஷாப்பில் சம்பளத்துக்கு இருந்தான் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் ஓட்டை அடைபட்டுவிடுமாம், நூத்துக்கு நூறு கேரண்டியாம். அப்பாவைக் கேட்டால், ஊர்ல எல்லாரும் பண்றதுதானே, இதுல இன்னா கீது என்கிறார். அன்றைக்கு அவரோடு நான் பேசவில்லை, குழம்பை மட்டும் ஊற்றினேன்.

மறுநாள் மீன் கூடையோடு நேரே ராயபுரம் போனேன். ரஹீமுன்னிசா அக்காவை உனக்கு நினைவிருக்கும், கல்யாணத்துக்கெல்லாம் பிரியாணி ஆர்டர் எடுப்பார்களே, சின்ன வயதில் உனக்கு ஈரல் வைத்துக் கொடுப்பார்களே, அவர்கள்தான். அவர்கள் மகள் நவ்ரீன் மெல்போர்னில் வக்கீல், விசா கேஸ் மட்டும்தான் பார்க்கிறாள். அக்காவிடம் விஷயத்தைச் சொன்னதும், ஃபீஸைப் பத்தி வாயத் தொறந்தா இனிமே உங்கிட்ட மீன் வாங்க மாட்டேன் குணா, நம்ம புள்ள கேஸு என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஓசியில் பார்த்தால் அவள் நேரம் கிடைத்தபோது பார்ப்பாள், நாமும் ஏன் தாமதம் என்று கேட்கக் கூச்சப்படுவோம். மற்றவர்களுக்கு என்ன ஃபீஸோ அதைத்தான் நீயும் கட்டவேண்டும் என்று சொல்லிவிட்டேன். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், ஆனால் வீட்டுக்குப் போவதற்குள் நவ்ரீன் நம்பர் சினேகா போனுக்கு வந்துவிட்டது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோவில் பேசினோம். சின்னப் பெண் என்று நினைத்தேன், கேள்வி கேட்க ஆரம்பித்தாள் பார், அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. தடைக்காலத்துல பிரகாஷ் என்ன பண்ணிட்டிருந்தாரு என்று கேட்டாள். அப்பா, தடக்காலத்துல இன்னா வேல கீதும்மா, சும்மாதான் கெடந்தான் என்றார். அவள் விடவில்லை. அந்த ரெண்டு மாசம் லாஞ்சு எங்க நிக்கும் என்றாள், யார்டுல கரையேத்தி வெச்சிருப்போம் என்றார். இன்ஜின்? அத்த எறக்கி, பிரிச்சு, போரிங் பண்ணி, திரும்ப மாட்டுவோம். யார் பிரிச்சு மாட்டினது? அவன்தான், வேற யாரு. தினமும் போவாரா? காத்தால போனா பொழுது சாய வருவான், மேலெல்லாம் கிரீஸு. நவ்ரீன் பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு, அப்ப ஏன் அங்கிள் சும்மா இருந்தான்னு சொல்றீங்க என்றாள். அப்பா ரொம்ப நியாயமாக, கடலுக்குப் போனாத்தானே பங்கு, அப்ப பேட்டாவும் சோறும்தானேம்மா குடுப்பாங்க, அத்த யாரு வேலன்னு சொல்வா என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது நைனா. நம் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். மீன் விற்ற காசில் பங்கு பிரிக்காத நாள் நமக்கு வேலை நாள் இல்லை. வலை பின்னுவோம், பலகை மாற்றுவோம், பெயின்ட் அடிப்போம், கேட்டால் சும்மா இருக்கிறோம் என்போம். நீயும் அதே வாயோடு அங்கே போய், வேலை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாய். மெக்கானிக்குக்கு வருஷத்தில் பெரிய வேலையே அந்த ரெண்டு மாசம்தான், அதைத்தான் நீ அடித்துவிட்டு, லாஞ்சோடு கடலுக்குப் போன நாளை மட்டும் எழுதியிருக்கிறாய். பொய்யால் அடைக்கவேண்டிய ஓட்டையே அங்கே இல்லை. பொய்க் காகிதம் பிடிபட்டால் இந்த விசா போவது மட்டுமில்லை, வருஷக்கணக்கில் அந்த நாட்டுப் பக்கமே திரும்ப முடியாதபடி ஆகலாம் என்று நவ்ரீன் சொன்னாள். உன் ஏஜென்ட் இதைச் சொன்னானா?

பிறகு சாட்சி சேர்க்கக் கிளம்பினேன். கல்மண்டபம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நீ தடைக்காலத்தில் வாங்கின பிஸ்டன் ரிங், கேஸ்கெட்டுக்கெல்லாம் பில் காப்பி கொடுத்தார்கள், எல்லாம் கம்ப்யூட்டரில் இருந்ததால் சுலபமாகக் கிடைத்தது. சினேகா நம் குடும்ப வாட்ஸ்அப்பைக் குடைந்து போட்டோ எடுத்தாள், இன்ஜின் மேல் உட்கார்ந்து மூஞ்சியெல்லாம் கரியோடு தயிர்சாதம் சாப்பிடுகிறாயே, அதுவும் இருக்கிறது, நவ்ரீனுக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. கஷ்டப்படுத்தினது அப்பா ஓட்டுகிற லாஞ்சுக்கு ஓனர் சிவந்தி அண்ணாச்சிதான். நல்ல மனுஷன், ஆனால் கையெழுத்து என்றதும் ஆளே மாறிவிட்டார். ஏம்மா, தடக்காலத்துல என் போட்டுல ஆளு வேல பாத்தான்னு நானே எழுதித் தந்தா மீன்வளத்துறைல இருந்து வந்து நிக்க மாட்டானா, என்ன வம்புல மாட்டிவிடாத என்று காசிமேட்டு மீன் ஏலக் கூட்டத்துக்குள் புகுந்துகொண்டார். நான் விடுவேனா. என் கூடையை அப்படியே வைத்துவிட்டு அவர் பின்னாலேயே போனேன், டீக்கடைக்குப் போனால் டீக்கடை, ஐஸ் கம்பெனிக்குப் போனால் ஐஸ் கம்பெனி. கடலுக்குப் போவதுதான் தடை, கரையில் ரிப்பேர் பார்ப்பது தடை இல்லை என்று நவ்ரீன் தெளிவாக எழுதி அனுப்பினதை சினேகா படித்துக் காட்டின பிறகுதான் இறங்கி வந்தார். வந்தவர் அப்படியே நேரெதிராகிவிட்டார். பையனுக்காக எழுதுறது எழுதுறோம், பத்து வருசம்னு போடு, சீஃப் இன்ஜினியர்னு போடு என்று ஆரம்பித்தார். அன்பில்தான் சொல்கிறார், எனக்குத் தெரியாதா. ஆனாலும், அஞ்சு வருஷம் மெக்கானிக்கு, செஞ்சத மட்டும் எழுதுங்க அண்ணாச்சி, கூட ஒரு எழுத்து வேணாம் என்று பக்கத்திலேயே நின்று எழுதி வாங்கினேன்.

இனி நீ செய்யவேண்டியது. நவ்ரீன் எனக்கு வக்கீல் இல்லை, உனக்குத்தான் வக்கீல், அதனால் உன் கையெழுத்து இல்லாமல் விசா ஆபீசில் அவள் ஒரு அடி வைக்க மாட்டாள். ஒப்பந்தம் உன் மெயிலுக்கு வந்திருக்கும், எதைச் செய்வாள், எதைச் செய்ய மாட்டாள், எவ்வளவு ஃபீஸ் என்று எல்லாம் இருக்கும், புரியாததைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடு. அவளுடைய பதிவு நம்பரை நீயே ஒருமுறை சரிபார், தெரிந்த வீட்டுப் பெண் என்று விட்டுவிடாதே. யார்டுக்காரரின் வக்கீல் இருக்கிறாரே என்று சினேகாவிடம் சொன்னாயாம். அவர் நல்லவராகவே இருக்கட்டும், முன்பணம் கொடுத்தவன் பக்கம்தான் ஏலக்காரன் கூவுவான், காசிமேட்டில் வளர்ந்த உனக்கு நான் சொல்ல வேண்டுமா. ஜெயித்துவிடலாமா என்று நான் நவ்ரீனிடம் நேராகவே கேட்டேன். சத்தியம் பண்ண முடியாது ஆண்ட்டி, உண்மையை ஒழுங்கா வெச்சு வாதாடுவேன் என்றாள். கேரண்டி கொடுக்காத அந்த வாய்தான் எனக்குப் பிடித்தது. நீ அந்தப் பொய் சர்டிபிகேட் கேட்டதையும் அவளிடம் மறைக்காமல் சொல்லிவிடு, டாக்டரிடமும் வக்கீலிடமும் வெட்கப்பட்டு ஆகாது. எனக்கும் பயம் இல்லாமல் இல்லை கண்ணு. இவ்வளவு செய்தும் இல்லை என்றுவிட்டால் என்ன செய்வது என்று அம்மனிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அப்படியே ஆனாலும் நேராகத் தலை நிமிர்ந்து வா, நம் வீட்டுக் கதவு திறந்துதான் இருக்கும். ஆனால் அது கடைசிப் பேச்சு, அதற்கு முன்னால் நான் விடுவதாக இல்லை, நீயும் விடாதே.

இன்னொன்று, இதை அப்பா உன்னிடம் சொல்லவே மாட்டார், அதனால் நான் சொல்கிறேன். அவரும் நோட்டரி வக்கீலிடம் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்திருக்கிறார். தாசில்தாரைப் பார்க்கப் போவது மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நோட்டரி அவரைப் பார்த்து, நீங்க லாஞ்சு ஓட்டுற டிரைவர், மெக்கானிக் இல்ல, உங்க பையன் இன்ஜின் வேலைய ஒழுங்கா பாத்தான்னு எப்படிச் சொல்றீங்க என்று கேட்டார். அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பிறகு, தடக்காலத்துல அவன் மாட்டிக் குடுத்த இன்ஜின நம்பித்தான் சார் அஞ்சு வருசமா நடுக்கடலுக்குப் போய் வந்தேன், இதோ உங்க எதுக்க உயிரோட நின்னுகினு கீறேன் இல்ல என்றார். நோட்டரி அதை அப்படியே டைப் அடித்துக்கொண்டார்.

அம்மன் உன் கூடவே நிற்பாள், நினைத்தது கைகூடி நீ நூறு வயசு நல்லா இருக்கணும். இந்தக் கடுதாசி கைக்குக் கிடைத்ததும் நவ்ரீனுக்குப் போன் போட மறக்காதே, ஏஜென்ட் அனுப்புகிற எதிலும் கையெழுத்துப் போடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ர. குணசுந்தரி