ராசாத்தாளின் மேப்பிள் தரை

1938 ஜனவரி 10, திங்கள். துறைமுகத்து விடுதி.

ஈஸ்வரமூர்த்தி ஆகிய நான், கோயமுத்தூரில் திரு. சீனிவாசலு அவர்களின் நூற்பாலைக்கு மானேஜர், வயது ஐம்பது. இந்த நோட்டைத் தொடங்கும் நோக்கம் ஒன்றே: மேப்பிள் பலகை விவகாரத்தை நடந்த வரிசையில் எழுதிவைப்பது. பின்னால் எவரேனும் கேட்டால், என் நினைவு எனக்குச் சாதகமாகத் திரிந்துவிடக் கூடாது.

பலகைகள் அமெரிக்காவிலிருந்து வந்தவை. ஒரு ஓரத்தில் நாக்கு போல் நீட்டம், மறு ஓரத்தில் காடி என்னும் பள்ளம். ஒன்றுக்குள் ஒன்று பொருந்தித் தரையாகும். தரை கட்டடத்தைச் சேர்ந்தது, ஆகவே இது மரச் சாமான் என்று சொல்லிச் சுங்க அதிகாரி உயர்ந்த தீர்வை கேட்டார். நூற்கும் இயந்திரம் அதிராமல் நிற்பதற்கு இத்தரையே ஆதாரம், ஆகவே இது இயந்திரத்தின் உறுப்பு என்று நான் வாதாடினேன். முன்பணத்தின் பேரில் சரக்கு ஏற்கெனவே மில்லுக்குப் போய்விட்டது. எந்த இனம் என்பது மட்டும் பாக்கி இருந்தது. இன்று என் வாதம் ஏற்கப்பட்டது.

ஒரு நிபந்தனை. பலகைகள் இயந்திரங்களின் அடியில் மட்டுமே பதிக்கப்படும். மிஞ்சுவதைத் தெரிவித்து, மரச் சாமானுக்குரிய மேல் தீர்வை செலுத்த வேண்டும். இதற்கான பாண்டு, அதாவது பிணைப் பத்திரம், என் பெயரில். பிசகினால் வழக்கும் என் பெயரில்.

கையெழுத்திட்டேன்.

ஜனவரி 12, புதன்.

வீட்டு வாசலில் என் மனைவி ராசாத்தாள் நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"செருப்ப அங்கயே உட்டுப்போட்டு வாங்க. உள்ள காலு வெச்சுப் பாருங்க."

வைத்தேன். சிமிட்டியின் சில்லிப்பு இல்லை. குனிந்து பார்த்தேன். நாக்கும் காடியும். கூடம் முழுவதும்.

"மொதலாளி ஆசாரிகள அனுப்பிச்சாருங்க. மில்லுல மிச்சப்பட்ட பலகையாமா. நீங்க ஊருக்குப் போனதுமே போட்டதுங்க, ஒரு வாரமாச்சு. என்ற முழங்காலு இப்ப வலிக்கறதே இல்லீங்க."

ஒரு வாரம். அப்படியானால் நான் கையெழுத்திட்ட அன்று இவை இங்கே ஆணி அடிக்கப்பட்டுக் கிடந்திருக்கின்றன. நான் எழுதிக் கொடுத்தது எழுதும்போதே பொய். தெரியாமல் சொன்னது பொய்யாகுமா? சட்டம் அதைக் கேட்காது. பலகை எங்கே என்றுதான் கேட்கும்.

அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 13, வியாழன்.

முதலாளியிடம் பாண்டின் நகலைப் படித்துக் காட்டினேன். வெற்றிலையை மடித்தபடியே கேட்டார்.

"மிச்சம் மிச்சந்தானுங்களே மானேஜர்? அடுக்கி வெச்சா கரையான் திங்கும்."

"பாண்டு என் பெயரில் இருக்கிறதுங்க."

"உங்களுக்கு நான் ஒண்ணுமே குடுக்கலீங்களே. உங்க சம்சாரம் எனக்குத் தங்கச்சி மாதிரி. தங்கச்சிக்கு முட்டி வலின்னு எங்கூட்டுக்காரி சொன்னா, தங்கச்சிக்குக் குடுத்தேன். அண்ணன் தங்கச்சிக்குள்ள சர்க்காருக்கு என்னங்க வேலை?"

திருப்பிக் கொடுத்தால் அவர் கொடுத்த உறவைத் திருப்பிக் கொடுப்பதாகும். மேல் தீர்வை கட்டிவிடலாம் என்றேன். ஒன்றைத் தோண்டினால் மொத்தச் சரக்கையும் தோண்டுவார்கள் என்று மறுத்துவிட்டார். அந்தப் பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் அதற்குமேல் வாதாடாமல் எழுந்து வந்தேன்.

ஜனவரி 15, சனி.

பொங்கல் நோம்பிக்கு வந்த உறவெல்லாம் தரையைத்தான் பார்க்கிறது. ராசாத்தாளின் நாத்தனார் முறையாகும் நஞ்சம்மாள், சோமனூரிலிருந்து வந்தவள், வாசலிலேயே சத்தம் போட்டாள்: "ஏனுங் அண்ணா, உங்கூட்டுக்குள்ள கப்பல் வந்து நிக்குதாமா? எங்களையும் ஏத்திக்குவீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து கதவைச் சாத்தினேன். சிரிப்பு நின்றுவிட்டது.

ஜனவரி 18, செவ்வாய்.

தபால் வந்தது. பலகைகளைப் பார்வையிட நஞ்சுண்டன் என்னும் சுங்க அதிகாரி 24ஆம் தேதி வருகிறார்.

ஜனவரி 19, புதன்.

ஆசாரி வெள்ளியங்கிரியை ரகசியமாக அழைத்து, பலகைகளைப் பெயர்த்து மில்லில் வைக்க முடியுமா என்றேன்.

"நாக்குல சாய்ச்சு அடிச்ச ஆணிங்க. பேத்தா நாக்கு முறிஞ்சு போயிருமுங்க." பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "ஏனுங்க, ஒடம்பு சரியில்லீங்களா?"

முறிந்த நாக்கைக் கண்டால், எங்கிருந்து பெயர்த்தீர் என்று அதிகாரி கேட்க மாட்டாரா?

ஜனவரி 22, சனி.

ராசாத்தாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. "மொதல்லயே சொல்லியிருக்கலாமல்லங்க" என்றாள். அவ்வளவுதான்.

ஜனவரி 23, ஞாயிறு.

அதிகாரி சைவமாம். முதலாளி ஆள் அனுப்பியிருக்கிறார்: "எங்கூட்டு அடுப்பு கறி வேகற அடுப்பு. மத்தியானச் சாப்பாடு மானேஜரூட்டுல."

என் வீட்டில்! அந்தத் தரையிலேயே இலை போட்டு! இந்த மனுசனுக்கு எப்படிச் சொல்லிப் புரிய வெக்கறது? நாளைக்குக் காய்ச்சல்னு படுத்துக்கலாமா? படுத்தா மட்டும்? அந்தாளு ஊட்டுக்கே பார்க்க வந்துட்டா—

ஜனவரி 24, திங்கள்.

மில்லில் நஞ்சுண்டன் ஒவ்வொரு வரிசையாக நடந்து அளந்தார். ஒல்லியான மனிதர், மெதுவாகப் பேசுகிறார். "குறைகிறதே" என்றார். நான் வாய் திறப்பதற்குள் முதலாளி, "வெட்டுச் சேதாரமுங்க, சில்லு சில்லாப் போச்சு" என்றார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் இயந்திரத்தைப் பார்த்தேன். அந்த மௌனம் என்னுடையது. அதை வேறு எவர் மீதும் சுமத்த முடியாது.

கூடத்தில் தரையை மறைக்க, ஏறக்குறைய சுவரிலிருந்து சுவர் வரை இரண்டு பவானி ஜமுக்காளம் விரித்திருந்தாள் ராசாத்தாள். அதிகாரி திருப்தியாகச் சாப்பிட்டார். கை கழுவி வரும்போது ஜமுக்காளத்தின் விளிம்பைத் தாண்டி ஒரு கால் பதிந்தது. நின்றார். விரல்களை அழுத்தினார். குதிகாலால் ஒருமுறை தட்டினார்.

என் காதுகளுக்குள் மில்லே ஓடியது.

"நல்ல தரை" என்றார். தாம்பூலம் எடுத்துக்கொண்டார். வண்டி ஏறும்போது என் தோளருகே குனிந்தார். "என் வீட்டில் ஒரே ஒரு அறைதான் பலகை போடாமல் சிமிட்டியாக இருக்கிறது. இந்த வெட்டுச் சேதாரம் இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?"

ஜனவரி 25, செவ்வாய்.

முதலாளிக்கு ஒரே குஷி. "இனிமே என்னங்க பயம்? அவரே நம்ம ஆளாயிட்டாரு."

நேற்று வரை பிடிபடுவேனோ என்று பயந்தேன். இன்று பிடிபடவே மாட்டேன் என்பதுதான் பயமாக இருக்கிறது. நஞ்சுண்டன் அறிக்கையில் எல்லாம் சரி என்று எழுதுவார். அதற்காகப் பலகை கேட்பார். அந்தப் பலகைக்கும் என் பாண்டுதான் மறைப்பு.

ஜமுக்காளம் இன்னும் விரித்தே கிடக்கிறது. ஏன் சுருட்டவில்லை என்று ராசாத்தாளைக் கேட்டேன்.

"அந்தத் தரையப் பார்க்கவே எனக்குப் புடிக்கலீங்க. இன்னிக்கு இவரு ஒரு ரூமுக்குக் கேட்டாரு. நாளைக்கு இவருக்கு மேல இருக்கறவரு கேப்பாரு. எத்தன பேரு ஊட்டுக்குங்க நீங்க கையெழுத்துப் போடுவீங்க?"

இருவரும் சமையலறையில், சிமிட்டித் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ஜனவரி 27, வியாழன்.

துறைமுகம் போய் உண்மையை எழுதிக் கொடுக்கப் போவதாக இன்று காலை முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அவர் வெற்றிலைப் பெட்டியை மூடிவைத்தார். பிறகு, "போய்ட்டு வந்தா இந்த நாற்காலி இருக்குமான்னு நான் சொல்லமாட்டேனுங்க" என்றார். அது அவர் உரிமை.

நாளைக் காலை போத்தனூரில் ரயிலேறித் துறைமுகம் செல்கிறேன். சுங்கத் தலைமை அதிகாரியை நேரில் கண்டு, மில்லில் நான் மௌனமாக நின்றதையும், நஞ்சுண்டன் என்னிடம் கேட்டதையும் எழுத்தில் கொடுப்பேன். இயந்திரங்களின் அடியில் இருப்பது இயந்திர உறுப்பே என்பதில் எள்ளளவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். என் கூடத்தில் இருப்பது அதுவன்று. அது வெறும் தரை, மரச் சாமான். எந்த இனத்தை எதிர்த்து வாதாடினேனோ அந்த இனத்திலேயே அதை என் கையால் எழுதி, உயர்ந்த தீர்வையை விதிக்கும்படி நானே கோருவேன்.